கை தட்டுவதும் கை தூக்குவதும்

(சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியது)

பத்து நிமிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கீதம் கற்றவனில்லை, கேட்பவன். தனி ஆவர்த்தனத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். உங்களில் பலர் கேன்டீனுக்கு எழுந்து போகும் நேரம் அது. போண்டா ஆறிவிடும் என்பது நியாயமான கவலைதான்.

பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் போடுவார். மிருதங்கக்காரர் சில ஆவர்த்தனம் வாசிப்பார், பிறகு கடம் அல்லது கஞ்சிரா. எழுதி வைத்து வாசிப்பதில்லை. பல கச்சேரிகளில் ஒத்திகையும் கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். மாறி மாறி வாசிப்பது நான்கு ஆவர்த்தனம், இரண்டு, ஒன்று, அரை என்று சுருங்கும். இதற்குக் குறைப்பு என்று பெயர். கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை வாசித்து, பாட்டின் எடுப்பில் வந்து நிற்பார்கள். எடுப்பு அரை இடம் தள்ளி இருந்தால் அந்த அரை இடத்தில்தான்.

ஒருவர் கையை ஒருவர் பார்த்து வாசிப்பதால்தான் இது முடிகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கூர்ந்து கேட்கிறார்கள், ஆனால் கணக்கு அவரவரிடம் தனியாக ஓடுகிறது. ஒருவர் தாளத்துக்குக் குறுக்கே ஐந்தைந்தாகப் பிரித்து வாசிக்கும்போது மற்றவரும் அதில் இழுபட்டுப் போனால் இருவருமே எடுப்பைத் தவற விடுவார்கள்.

நான் அப்படி இழுபட்டிருக்கிறேன். சாதாரண ஆதி தாளம், எட்டு எண்ணினால் போதும். எண்ணாமல், முன்வரிசையில் இருந்தவர் கையைப் பார்த்துப் போட்டேன். அவர் தவறினார், நானும் தவறினேன். எனக்குப் பின்னால் யாராவது என்னைப் பார்த்துப் போட்டாரோ என்னவோ!

வங்கியில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன், சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களின் நிலுவைகளைக் கூட்டி ஜெனரல் லெட்ஜரோடு டேலி செய்வோம். அந்தத் தொகையை முதலிலேயே பார்க்காதே என்பார் எங்கள் ஹெட் கிளார்க். பார்த்துவிட்டால் கூட்டல் தானாக அதை நோக்கிப் போகும். டேலி ஆகும், தப்பும் உள்ளேயே இருக்கும்.

கைதட்டலிலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. ருமேனியா, ஹங்கேரி அரங்குகளில் கைதட்டலைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்களின் கட்டுரை 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்தது. எல்லோரும் ஒரே சீராகத் தட்டத் தொடங்கும்போது அவரவர் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறதாம். அதனால் சராசரியில் சத்தமும் குறைகிறது. ஒன்றாகத் தட்டினால் சத்தம் கூடும் என்றல்லவா நினைப்போம்?

இப்போது நம் விஷயம். போன பொதுக்குழுவில் பின்பக்கக் கேட்டை நிரந்தரமாகப் பூட்டுவது என்ற தீர்மானம் வந்தது. முன்வரிசையில் நாலு கை உயர்ந்தது, பிறகு எல்லாக் கையும். என் கையும்தான். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வழியாகத்தானே வருகிறார்கள் என்று மனதில் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கை மேலே போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கு வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. இப்போது மெயின் ரோடு வழியாகச் சுற்றி வருகிறார். “நீங்களும் கை தூக்கினீங்களா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செயலாளர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் முறைப்படிதான் கேட்டார். அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லாமல் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுக்கலாம் என்பது என் யோசனை. கேட் விஷயத்தை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு கடிதமும் எழுதி வந்திருக்கிறேன். அதில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. வேறு யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை, வேண்டுமென்றேதான். பத்துக் கையெழுத்து இருந்தால் பதினோராவது ஆள் படிக்காமலே போட்டுவிடுவார்.