டைட்டானியத்தின் வன்மையும் காவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் விழா மேடையில் ஓர் உலோகத்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதும் எளியேனுக்கு இது பெரிய பொருளே. ஆயினும் நமக்கு இது அயலான பொருள் அன்று. நாம் வாழும் இந்த ஹைதராபாத்-செகந்திராபாத் இரட்டை நகரிலேதான், 1973-இல் நிறுவப்பெற்ற மிஸ்ர தாது நிகம் என்னும் அரசு நிறுவனம், வானூர்திக்கும் விண்கலத்திற்கும் வேண்டிய டைட்டானியக் கலவைகளை ஆக்கி வருகிறது. டைட்டானியத்தின் தாதுவாகிய இல்மனைட், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கரிய மணலாகக் கிடக்கிறது.

சரக்கு வண்டியின் வெற்று எடை குறைந்தால் ஏற்றும் சரக்கு மிகும் என்பது ரயில்வேயில் நாம் நாளும் காணும் கணக்கு. வானத்தில் இக்கணக்கு பன்மடங்கு கடுமையானது. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியமே இத்துறையில் மிகுதியாகப் பயன்படுவது. நீரைப்போல் சுமார் 4.4 மடங்கு எடையே இதற்கு உண்டு, எஃகோ 7.8 மடங்கு. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சாதாரணக் கட்டுமான எஃகுக் கம்பி சுமார் 40 கிலோ எடையைத் தாங்கும். இக்கலவையில் செய்த கம்பி 90 கிலோவைத் தாங்கும். அலுமினியம் தளர்ந்துவிடும் 300 பாகை வெப்பத்திலும் இது தன் உறுதியில் பெரும்பகுதியைக் காக்கும். நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையில் எரிபொருள் கலங்கள் டைட்டானியக் கலவையால் ஆனவை.

இத்துணை வன்மை எளிதில் வாய்ப்பதன்று. சூடேறிய டைட்டானியம் பிராணவாயுவையும் நைட்ரஜனையும் ஆவலோடு விழுங்கும். விழுங்கிய இடம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். இரும்பைப்போல் கரியிட்டு இதனைப் பிரிக்கவும் இயலாது. கரியோடும் கூடிக் கெடும். ஆகவே தாதுவைக் குளோரின் வாயுவோடு சேர்த்துத் திரவமாக்கித் தூய்மை செய்து, ஆர்கான் வாயுவின் காவலில், உருகிய மக்னீசியத்தால் உலோகத்தைப் பிரிக்கின்றனர். இது லக்சம்பர்க் நாட்டு அறிஞர் வில்லியம் கிரோல் கண்ட முறை. கிடைப்பது கடற்பஞ்சு போன்ற துளைகள் நிறைந்த உலோகம். கேரளத்துச் சவறாவில் 2011-இல் தொடங்கப்பெற்ற ஆலை ஆண்டுக்கு 500 டன் பஞ்சு உலோகம் ஆக்கும் திறனுடையது.

அப்பஞ்சோடு பிற உலோகங்களைச் சேர்த்து அழுத்தி, காற்றை அகற்றிய உலையில் மின்வில்லால் இருமுறையோ மும்முறையோ உருக்குவர். பின் அடித்து வடிவமைப்பர். அங்கும் வெப்பத்திற்கு எல்லை உண்டு. ஏறத்தாழ 995 பாகையைக் கடந்தால் படிகங்களின் அமைப்பே மாறிப் பருத்துவிடும். வளைந்து கொடுக்கும் இயல்பு குன்றும். அதற்குக் கீழே, சுமார் 950 பாகையில் காய்ச்சி, கொல்லர் அரிவாளைத் தோய்ப்பதுபோல் நீரில் தோய்த்து, மீண்டும் 540 பாகை அளவில் சில மணி நேரம் வைத்திருந்தால், 90 கிலோ தாங்கியது 110 கிலோ தாங்கும். இறுதியில், காற்றுப்பட்டுக் கெட்டிப்பட்ட மேற்றோலை முற்றிலும் நீக்கிவிட வேண்டும்.

இக்காவலில் எங்கேனும் சோர்வு நேர்ந்தால் விளைவு யாது? 1989 ஜூலை 19 அன்று அமெரிக்க நாட்டில், டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் பறந்த டிசி-10 விமானத்தின் வால்புற எந்திரத்தில், டைட்டானியக் கலவையால் ஆன விசிறிச் சக்கரம் பறக்கும்போதே பிளந்தது. சிதறிய துண்டுகள் விமானத்தை இயக்கும் எண்ணெய்க் குழாய்கள் அனைத்தையும் செயலறச் செய்தன. ஓட்டுநர்கள் இயங்கிய இரண்டு எந்திரங்களின் விசையை மட்டுமே கூட்டியும் குறைத்தும் சூ நகரத்தில் இறக்க முயன்றனர். 184 பேர் பிழைத்தனர். 112 பேர் மாண்டனர்.

ஆராய்ந்தபோது தெரிந்தது இது. 1971-இல் உலோகத்தை உருக்கிய வேளையில், நைட்ரஜன் மிகுந்து கெட்டிப்பட்ட ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டது. அவ்விடத்தில் கடுகளவான குழி ஏற்பட்டு, அதிலிருந்து வெடிப்பு ஆண்டுதோறும் வளர்ந்தது. இடையே நடந்த சோதனையிலும் கண்ணுக்குத் தப்பியது. இன்று இத்தகைய சக்கரங்களுக்கு மும்முறை உருக்குதலும், ஒலியலைகளைச் செலுத்தி உட்குறை தேடுதலும் வழக்கமாகியுள்ளன. நம் தண்டவாளத்தின் உள்ளே மறைந்த வெடிப்பைத் தேடும் ஊழியர் செய்வதும் இதே பணியன்றோ?

அன்பர்களே! உலோகத்தின் வன்மை அதன் பிறவிக் குணம் மட்டும் அன்று. உலையருகே நிற்பவர் முதல் சோதித்துக் கையெழுத்திடுபவர் வரை அனைவருடைய விழிப்பும் சேர்ந்ததே அவ்வன்மை. வானில் செல்வோர் அவர்களுடைய பெயரை அறியார். எனினும் அவர்களை நம்பியே செல்கின்றனர். நம் பிள்ளைகள் இவ்வறிவியலைக் கற்று இத்தகைய ஆலைகளில் பணிபுரியும் காலம் வருமாயின், கடுகளவு குறையையும் சிறிதென்று எண்ணாத மனத்தையும் உடன்கொண்டு செல்வார்களாக!