‘ஏன் வந்தது?’ என்று கேட்கும் தாய்க்கு



கட்டுமாவடிக்கு வந்து, பட்டம் பெறும் செவிலியர்களிடம் பேசுவதென்றால் எதைப் பேசலாம் என்று யோசித்தபோது, மனநல வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் என் காதில் விழுந்த ஒரே கேள்விதான் நினைவுக்கு வந்தது. “ஏன் சிஸ்டர் என் புள்ளைக்கு இப்படி வந்துச்சு?” மருந்து எத்தனை வேளை, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்பதெல்லாம் பிறகுதான். தாய் முதலில் கேட்பது இதைத்தான். டாக்டரிடம் கேட்கத் தயங்குவாள். ஊசி போட வரும் உங்களிடம் கேட்பாள்.

அந்தக் கேள்விக்கு யாராவது ஒரு பதிலை ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். காத்து கருப்பு என்று சொல்லியிருந்தால் குடும்பம் மந்திரிக்கப் போயிருக்கும். செய்வினை என்று சொல்லியிருந்தால் எடுப்பவரைத் தேடிக் கடன் வாங்கிப் போயிருக்கும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் ஒன்றும் அறியாத ஒரு பெண்ணையும் அந்த வீட்டுக்குள் கொண்டுவந்திருப்பார்கள். எதைக் காரணம் என்று நம்புகிறார்களோ, அந்த வழியில்தான் கால் நடக்கும். மனச்சிதைவு நோயில் சிகிச்சை தொடங்கத் தாமதம் ஆக ஆக, குணம் காண்பதும் கடினமாகிறது. ஆகவே காரணத்தைச் சரியாகச் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே. அதைச் சொல்லும் பொறுப்பு இன்று உங்கள் கைக்கு வருகிறது.

என்ன சொல்வீர்கள்? முதலில், அது அந்தத் தாயின் குற்றம் இல்லை என்று சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுவில் மேலைநாட்டு மனநல மருத்துவர்களே, பாசம் காட்டாத தாய் வளர்த்ததால்தான் மனச்சிதைவு வருகிறது என்று எழுதினார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் தூக்கி எறிந்தன. பூசாரி மட்டுமல்ல, படித்தவர்களும் தவறான காரணம் சொல்லிக் குடும்பத்தை நோகடித்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு வரலாம் என்றால், பெற்றோரில் ஒருவருக்கு அது இருக்கும்போது பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வராமல் போவதற்குப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு இருக்கிறது. பரம்பரை என்றால் தலைவிதி என்று பொருள் இல்லை. அதற்கு மேல் மூளையின் வேதியியல் இருக்கிறது. தலையில் பட்ட அடி, வலிப்பு, தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, பதின்வயதில் தொட்ட கஞ்சா, எல்லாம் இருக்கின்றன. குழந்தையாக இருந்தபோது பட்ட கொடுமை, குடிகாரக் கணவனின் அடி, வட்டிக்காரன் வாசலில் நிற்பது ஆகியவையும் காரணங்களே. படகு கவிழ்ந்தால் ஓட்டையா, காற்றா, சுமையா என்று இந்தக் கரையில் யாரும் ஒன்றை மட்டும் கைகாட்ட மாட்டார்கள். மூன்றும் சேர்ந்த நேரம் என்பார்கள். மனநோயும் அப்படித்தான்.

இந்தக் கரையோரத்துச் சுமைகளை நீங்கள் பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாள் வருமானம் நின்று கடன் ஏறும் காலம் அது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவரின் மனைவி, படகும் போய் ஆளும் சிறையில் இருக்க, தூக்கமில்லாமல் கிடப்பாள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னைகளை ஓர் இரவில் சாய்த்தது. தோப்பு போன பெரியவர் ஒருவர் அதன்பிறகு சாப்பாடு செல்லவில்லை, நெஞ்சடைக்கிறது, கை கால் அசதி என்று மாறி மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தால், இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலியாகத்தான் வந்து வரிசையில் நிற்கும். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லையா, விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறதா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. உள்ளே இருப்பவருக்கு அதைச் சொல்ல ஒரு வாசல் திறக்கிறது.

நீங்கள் மனநல வார்டுக்குப் போகாமலேயே மனநோயைச் சந்திப்பீர்கள். எலும்பு முறிவு வார்டில் ஓர் இரவு டியூட்டியை நினைத்துப் பாருங்கள். விபத்தில் கால் உடைந்து சேர்ந்தவர் இரண்டு நாள் அமைதியாக இருந்தார். மூன்றாம் நாள் இரவு கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டுகிறது. போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுகிறார். ஐ.வி. லைனைப் பிடுங்கி எறிகிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் பேய் பிடித்துவிட்டது என்கிறார். வார்டில் உள்ளவர்கள் துணியால் கையைக் கட்டப் பார்க்கிறார்கள். அவருக்கு வந்தது குடி திடீரென நின்றதால் வரும் பிதற்றல் நிலை. கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும்; கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும். டாக்டரை உடனே கூப்பிட வேண்டும், தயமின் ஊசியும் அமைதிப்படுத்தும் மருந்தும் போக வேண்டும், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்க்கும்போதே “கடைசியாக என்றைக்குக் குடித்தீர்கள்?” என்று ஒரு வரி கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால் இந்த இரவே வந்திருக்காது. அந்த ஒரு வரியை எழுதும் செவிலியராக நீங்கள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தை பிறந்து எட்டாம் நாள். வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது, தலைமாட்டில் இரும்பு வைத்திருக்கிறார்கள். தாய் மூன்று இரவாகத் தூங்கவில்லை. குழந்தையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். “பச்சை உடம்பு, காத்துப் பட்டுருச்சு, ஓதித் தண்ணி தெளிச்சிருக்கோம்” என்கிறார் மாமியார். கிராம சுகாதாரச் செவிலியர் தொப்புளைப் பார்த்து, எடையைக் குறித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். கிளம்பக் கூடாது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் பேறுகால மனப்பிறழ்வு இது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருகிறது. தாய்க்கும் சேய்க்கும் ஒரே நேரத்தில் ஆபத்தான அவசர நிலை. மாமியாரோடு வாதம் செய்ய அது நேரமில்லை. வேப்பிலை இருக்கட்டும் அம்மா, வண்டி வரச் சொல்கிறேன், நீங்களும் ஏறுங்கள் என்று சொல்லி அழைத்துப் போங்கள். நல்ல செய்தி என்னவென்றால், காலத்தில் மருந்து கொடுத்தால் இவர்களில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். அடுத்த பிரசவத்தில் மீண்டும் வரலாம் என்பதை மட்டும் குடும்பத்திடம் மறக்காமல் சொல்லிவையுங்கள்.

தவறான காரணம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் எங்கும் போக வேண்டாம். இந்தக் கடலோரத்திலேயே தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கே தனியார் நடத்திய மனநோயாளிகள் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்குள்ள தர்காவில் கனவில் உத்தரவு கிடைத்தால் குணமாகும் என்று நம்பினார்கள். ஊரில் மருந்து கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று சொல்லவும் ஆள் இல்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. பிற்பாடு அதே ஏர்வாடியில், தொழுகைக்கு வருபவர் மருந்தும் வாங்கிக்கொள்ளும்படி ‘தவா துவா’ என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்தது. பிரார்த்தனையை விடச் சொல்லவில்லை, மாத்திரையை விடாதே என்றது. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் தங்கும் குடும்பத்திடமும் நான் அதையேதான் சொல்வேன்.

சங்கிலி இன்றைக்குச் சட்டப்படி குற்றம். 2017இல் வந்து 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்று உங்கள் வார்டுக்கு வருபவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ‘போலீஸ் கேஸ்’ என்று முகம் திருப்பும் பழக்கத்தை உங்கள் தலைமுறையாவது விட்டுவிடட்டும்.

சங்கிலியைக் கழற்றிய ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளராக இருந்தார். அடைத்து வைக்கும் இடமாக இருந்ததை, வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் இடமாக மாற்றப் பாடுபட்டார். ஓய்வு பெற்ற பிறகு 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 2010இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஒரு சிறிய அறை; நோயாளி உட்கார, சென்னையில் இருக்கும் மருத்துவர் திரையில் பேசுவார். அவர் எழுதும் மருந்தைப் பேருந்திலேயே வைத்திருக்கும் மருந்தகத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பட்டணத்து டாக்டர் கிராமத்துத் தெருவுக்கே வந்துவிட்ட மாதிரிதான். ஆனால் அந்தப் பேருந்தை வெற்றியாக்கியது திரை இல்லை என்பது என் திடமான எண்ணம். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள்தான் வீடு வீடாகப் போய், பின்கட்டில் பூட்டி வைத்தவர்களைக் கண்டுபிடித்தார்கள். மாத்திரை முடிந்ததா என்று அவர்கள்தான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். அந்த வேலைதான் உங்கள் வேலை.

மாத்திரை என்றதும் ஒன்றை விட்டுவிட மனமில்லை. இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடும் ஒருவர் கட்டுமாவடியில் மீனவராக இருப்பார். வெயிலில் கடலில் கிடந்து வியர்வை வழிந்து, தண்ணீர் குடிக்காமல் திரும்பினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால் இன்னும் ஏறும். கை உதறல், வாந்தி, தள்ளாட்டம் என்று வருபவரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடுவார்கள். தண்ணீர் கேனோடு போங்கள், உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், வலி மாத்திரையைக் கேட்காமல் போடாதீர்கள், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடர்ந்து இரவு டியூட்டி, ஒப்பந்தச் சம்பளம், குவைத்துக்கோ சவுதிக்கோ போய்த் தனியே கிடப்பது, உங்கள் கை பிடித்தபடியே ஒருவர் உயிர் போவது, இவையெல்லாம் செவிலியரின் மனத்தையும் தின்னும். தூக்கம் கெட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல், அழுகை அடங்காமல் வாரங்கள் ஓடினால், நோயாளியிடம் சொல்வதை உங்களிடமும் சொல்லிக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், 2022 அக்டோபர் 10 முதல் கட்டணமில்லாமல் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம். அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மனநல போஸ்டிங்கில் புராசஸ் ரெக்கார்டிங் எழுதினீர்களே, நோயாளி சொன்னது ஒரு பக்கம், நீங்கள் சொன்னது ஒரு பக்கம் என்று. மதிப்பெண்ணுக்காக எழுதிய அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு நாளில் ஒரே ஒரு நோயாளியின் பக்கத்திலாவது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள். அந்தத் தாய் ‘ஏன் வந்தது’ என்று கேட்டால், நின்றபடி பதில் சொல்லாதீர்கள். வேலைக்குச் சேரும் ஆஸ்பத்திரியில் முதல் வாரத்திலேயே மாவட்ட மனநலத் திட்டக் குழு என்றைக்கு எங்கே வருகிறது என்று விசாரித்து, அந்தக் கிழமையையும் 14416 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிப் புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்கள் ஊரில் பின்கட்டில் கட்டிவைத்திருக்கும் ஒருவரைப் பற்றி இந்த மண்டபத்தில் யாருக்காவது தெரியும் என்றால், நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.