ஏறும் வண்டி ஏன் கவிழ்கிறது?

சென்ற விடுமுறையில் என் பேரன் தொலைக்கட்டுப்பாட்டால் இயங்கும் பாறையேறி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். சரிவான கருங்கல்லில் அது ஏறும். பாதி வழியில் மல்லாந்து விழும். "பின்சக்கரங்களின்மேல் எடை வை; பிடிப்பு மிகும்" என்றேன். வைத்தான், முன்னிலும் விரைவில் கவிழ்ந்தது. "இனி இது வேண்டாம், தாத்தா" என்று பெட்டியில் வைத்து மூடிவிட்டான்.

புவியீர்ப்பு மையத்தை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன் நான்! மறுநாட்காலை, "தவறு என்னுடையது" என்று ஒப்புக்கொண்டு, அவனைப் பெட்டியைத் திறக்கச் செய்தேன். இருவருமாகக் கணக்கிட்டோம்.

மையத்திலிருந்து தொங்கும் தூக்குக்குண்டின் நூல், பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்தைக் கடந்து பின்னே சென்றால் வண்டி கவிழும். மையம் பின் அச்சுக்கு 15 செ.மீ. முன்னும், தரைக்கு 15 செ.மீ. மேலும் இருப்பின் 45 பாகைச் சரிவே எல்லை. உயரத்தை 10 செ.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 56 பாகை. அத்துடன் 3 செ.மீ. முன்னே நகர்த்தினால் ஏறத்தாழ 61.

பேரன் பின்னெடையை நீக்கினான். கூண்டின் மேலிருந்த மின்கலத்தை முன் அச்சருகே தாழ்வாகக் கட்டினான். முன்சக்கரங்களுக்குள் பித்தளை வளையங்களைப் பொருத்தினான். வண்டி அதே கல்லில் ஏறி நின்றது. இன்னும் செங்குத்தான கல்லில் கவிழவில்லை, வழுக்கியது. அதற்கு வேண்டுவது மென்மையான ரப்பர் டயர்.

ஆகவே மாணவர்களே, ஆசிரியரே சொன்னாலும் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.