விஞ்ஞானப் பாடமும் வினாத்தாளும்



விஞ்ஞானத்தை வகுப்பிலே சுவைபடக் கற்பிப்பது எப்படி என்பது ஆசிரியர் கூட்டங்களில் ஓயாது பேசப்படும் பொருள். படங்கள் வேண்டும், கருவிகள் வேண்டும், கதைகள் வேண்டும் என்பார்கள். யாவும் வேண்டியவையே. எனினும், முப்பத்தைந்து ஆண்டுக் காலம் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பரீட்சையில் எதைக் கேட்கிறோமோ அதுவே வகுப்பில் நடக்கும். வினாத்தாள் 'வரையறுக்க' என்று மட்டும் கேட்குமானால், நல்ல ஆசிரியரும் ஆனி மாதத்தில் சோதனை செய்து காட்டுவார். மாசி பிறந்ததும் வரையறையை ஒப்பிக்கச் செய்துவிடுவார். ஆதலின் கற்பித்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மதிப்பிடுதலைப் பற்றியும் உடன் பேசியே ஆகவேண்டும்.

நீங்கள் அனைவரும் அறிந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். தட்டில் நீர் ஊற்றி, நடுவே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி நிறுத்தி, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, நீர் தம்ளருக்குள் ஏறுகிறது. 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது எரிந்து தீர்ந்தது. அந்த இடத்தை நீர் நிரப்பியது' என்று எழுதி முழு மார்க்கு வாங்கியவர் பலர். சோதனை அழகானதுதான். விளக்கம்தான் பொருந்தாதது!

இதை வகுப்பில் செய்யும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். தம்ளரைக் கவிழ்ப்பதற்கு முன்னால், என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட வேண்டும். எழுதிக் கொடுத்தவன், தன் வாக்குப் பலிக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பான். எழுதாதவனோ சன்னலுக்கு வெளியே பார்ப்பான். நீர் எப்போது ஏறியது? பிராணவாயு செலவாவதால் ஏறுகிறது என்றால், சுடர் எரியும்போதே சிறிது சிறிதாக ஏறி வரவேண்டும் அன்றோ? பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லவில்லை. சுடர் மங்கி அணையும் தறுவாயிலும், அணைந்த பின்னருமே நீர் விரைந்து ஏறியது என்றார்கள். தம்ளரைக் கவிழ்த்தவுடன் விளிம்பின் ஓரமாகச் சில குமிழிகள் வெளியேறியதை முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்டு சொன்னாள்.

அடுத்த முறை மூன்று மெழுகுவத்திகளை ஏற்றி அதே தம்ளரைக் கவிழ்த்தோம். நீர் முன்னிலும் உயரமாக ஏறிற்று. மெழுகுவத்தி மூன்றாகிவிட்டால் தம்ளருக்குள் இருக்கும் பிராணவாயுவும் மூன்று மடங்காகிவிடுமா? வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பின்னர் விளக்கம் தானே வந்தது. சூடேறிய காற்று விரிந்து, ஒரு பகுதி வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக் காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. பிராணவாயு முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். செலவான பங்கில் பெரும்பகுதிக்கு ஈடாகக் கரியமிலவாயு தோன்றிவிடுகிறது. இவை புத்தகத்தில் உள்ள செய்திகளே. ஆனால் கேள்வி மனத்தில் எழுந்த பிறகு படிப்பவனுக்கு அவை விடையாகின்றன. மற்றவனுக்கு அவை வெறும் வரிகளே.

புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பள்ளிப் படிப்பு அதிகம் பெறாமலே பெரும் விஞ்ஞானியான மைக்கேல் பாரடே, 1860-61ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறும் மெழுகுவத்தி ஒன்றைப் பற்றியே! நாமோ அதை ஒரு பாடவேளையில் முடித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம்.

இனி, பரீட்சைக்கு வருவோம். செய்முறைத் தேர்வு இருக்கத்தானே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. ரெக்கார்டு நோட்டும் இருக்கிறது. ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனையில், மாணவனுக்குக் கிடைத்த விடை 936 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரை எடுத்து அழித்து 980 என்று எழுதிக்கொள்கிறான். அவனுக்கு அப்படிச் செய்யக் கற்றுக்கொடுத்தது யார்? விடையை மட்டும் பார்த்து மார்க்குப் போடும் நம் முறைதான். 936 என்று எழுதி, 'நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளக்காமல் கொக்கி வரையே அளந்தோம்' என்று காரணமும் குறித்த மாணவனுக்கே நான் மிகுதியான மார்க்கு அளித்தேன். கடன் வாங்கிய 980ஐ விட அது உயர்ந்தது. பொய் எழுதப் பழகும் இடமாக ஆய்வுக்கூடம் ஆகிவிடலாகாது.

எட்டாம் வகுப்புக்கு நான் வைத்துவந்த செய்முறைத் தேர்வு ஒன்றைச் சொல்கிறேன். செலவு சில ரூபாய்களுக்கு மேல் ஆகாது. தெளிந்த சுண்ணாம்பு நீர், உப்பு நீர், சிட்ரிக் அமிலம் கரைத்த நீர் ஆகிய மூன்றையும் பெயரொட்டாத மூன்று குப்பிகளில் வைப்பேன். மூன்றும் நிறமற்றவை. நாவில் வைத்துப் பார்க்கலாகாது. கொடுப்பது மஞ்சள் தூளைக் கரைத்துத் தோய்த்து உலர்த்திய தாள் மட்டுமே. எந்தக் குப்பியில் எது? சுண்ணாம்பு நீர் பட்டதும் தாள் சிவந்துவிடும். அது எளிது. மற்ற இரண்டிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. இங்கேதான் பலர் தயங்கி நிற்பார்கள். சிந்திப்பவன் முன்னே சிவந்த தாளைக் கையில் எடுத்து, அதன்மேல் ஒவ்வொரு நீரையும் விடுவான். அமிலம் பட்ட இடம் மீண்டும் மஞ்சளாகும். உப்பு நீர் பட்ட இடம் மாறாது. பத்து மார்க்கில் விடைக்கு மூன்று, கண்டறிந்த வழிக்கு ஐந்து, கண்டதைக் கண்டபடி எழுதியதற்கு இரண்டு. மனப்பாடத்தில் முதலாவதாக வருகிறவர்கள் இதில் எப்போதும் முதலாவதாக வந்ததில்லை. தச்சர் வீட்டுப் பிள்ளையும், அடுக்களையில் தாய்க்குத் துணை நிற்கும் பெண்ணும் முன்னே வந்துவிடுவார்கள்.

இது தனி மனிதன் ஒருவனுடைய விருப்பம் என்று எண்ண வேண்டா. மத்தியப் பிரதேசத்தில், அந்நாளில் ஹோஷங்காபாத் எனப்பட்ட மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கிற்று. பிள்ளைகள் குழுக்களாக அமர்ந்து, எளிய பொருள்களைக் கொண்டு தாமே சோதனை செய்து பாடம் கற்றார்கள். எழுத்துத் தேர்வில் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டே விடை எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் தனியே நடந்தது. பின்னர் அது மாவட்டம் முழுதும் பரவி, 2002இல் அரசாங்கத்தால் நிறுத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் அரசாங்கப் பள்ளிகளிலே நடந்த ஒன்றை, நடவாத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தடைகள் இல்லாமல் இல்லை. அறுபது பேர் உள்ள வகுப்பில் இத்தகைய விடைத்தாள்களைத் திருத்துவது நீண்ட வேலை. ஒவ்வொன்றையும் படித்தாக வேண்டும். மனப்பாடமே கூடாது என்பாரும் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தனிமங்களின் குறியீடுகளையும் வாய்பாட்டையும் நெட்டுருப் போடத்தான் வேண்டும். சொல் தெரியாதவன் எதைக் கொண்டு சிந்திப்பான்? ஆனால் வினாத்தாளில் பாதியேனும், புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் அப்படியே பார்த்து எழுத முடியாத வினாவாக இருக்கவேண்டும்.

அத்தகைய வினா ஒன்றை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். ஒரே தட்டில் உயரமான மெழுகுவத்தி ஒன்றும் குட்டையான மெழுகுவத்தி ஒன்றும் எரிகின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்தால் எது முதலில் அணையும்? கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது என்று படித்திருக்கிறீர்கள். முதலில் உங்கள் விடையைக் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை.