இராச் சாப்பாடும் உடல் வலுவும்



நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு? பல வீடுகளில் சோறும் ரசமும்தான். வீட்டுக்காரர் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, கடைசியில் சட்டியில் மிஞ்சியதைத் தாய் சாப்பிடுகிறார். பருப்பெல்லாம் முன்னமே தீர்ந்திருக்கும். தெளிவுத் தண்ணீர்தான் அவர் பங்கு.

பகலெல்லாம் நீங்கள் இருவருமே பாடுபடுகிறீர்கள். ஒருவர் மூட்டை தூக்குகிறார், ஒருவர் புல்லுக்கட்டும் குடமும் சுமக்கிறார். இப்படிப் பாரம் தூக்கும்போது தசைக்குத் தேய்மானம் உண்டு. ஓய்விலும் உறக்கத்திலும் அது சீராகி வலுப்பெறுகிறது. சுவர் எழுப்பக் கல் வேணும். தசை வளரப் புரதச் சத்து வேணும்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் 2012-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். மாலையில் பளு தூக்கிய வாலிபர்களுக்குப் படுக்குமுன் 40 கிராம் பால் புரதம் கொடுத்தார்கள். தூங்கும்போதே அது செரித்துத் தசை வளர உதவியது.

"அவ்வளவுக்கு நாங்க எங்கே போறது?" என்று கேட்பீர்கள். டப்பாவில் வரும் மாவு நமக்குத் தேவையில்லை. நாள் முழுவதற்கும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன கணக்கு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். 65 கிலோ ஆணுக்குச் சுமார் 54 கிராம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம், 50 கிராம் பருப்பில் 11 கிராம் புரதம் இருக்கிறது. இவற்றை மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிடுங்கள். ராத்திரி வேளையை மட்டும் வெறும் ரசத்தோடு விட்டுவிடாதீர்கள். முட்டையோ, சுண்டலோ, கெட்டிப் பருப்போ ஒன்று இருக்கட்டும்.

"ராத்திரி பருப்பு வாயு" என்பார்கள். பயறு, கடலையை ஊறவைத்துக் குழைய வேகவையுங்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னமே சாப்பிட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் தசை வளராது. சாப்பிடாமல் உழைத்தாலும் வளராது. உழைப்பில் சரிபாதி ஏற்கும் மனைவிக்குச் சத்தில் மட்டும் பங்கு குறையலாமா?

இன்று இரவு இருவரும் சேர்ந்து உட்காருங்கள். சட்டியை அடியோடு கலக்கிப் பரிமாறுங்கள்.