சாயமும் சலவையும்



கொங்கு மண்ணில் துணியைப் பற்றிப் பேசுகிறவர் நொய்யலை விட்டுவிட்டுப் பேச முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு அது. 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே ஓர் அணை எழுந்தது. 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் கிடைக்கும் என்பது திட்டம். சில ஆண்டுகளுக்குள் அந்த அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணை கட்டினால் எப்போது தண்ணீர் திறப்பீர்கள் என்றுதான் உலகமெங்கும் விவசாயி கேட்பார். ஒரத்துப்பாளையத்தின் கீழே இருந்த விவசாயிகளோ மதகைத் திறக்காதீர்கள் என்று மன்றாடினார்கள். திறந்தால் வயல் கெடும், கிணறு கெடும், ஆடுமாடு குடிக்க முடியாது.

அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருந்தது? சிவப்பும் நீலமுமாக ஓடியதால் எல்லோரும் நிறத்தையே குற்றம் சொன்னார்கள். நிலத்தைக் கொன்றது நிறத்தைவிட உப்புதான்.

பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் ஏறும். பருத்திக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளும். சாயத்தை நூலோடு ஒட்டவைக்க இடையில் உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது, அறுபது கிராம், சில சமயம் அதற்கும் மேல். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது, போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுத்துவிடலாம், பாக்டீரியாவை விட்டு அழுக்கைத் தின்னச் செய்யலாம். உப்பு இரண்டுக்கும் அசையாது. கண்ணாடிபோல் தெளிந்த நீர் வெளியே வரும். அதைப் பாய்ச்சினால் தென்னை காய்ந்துவிடும். ஒரு கறுப்பு டி-ஷர்ட் வாங்குகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும்: வெளிர்நிறத்தைவிடக் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் சாயமும் அதிகம், உப்பும் அதிகம், சாயம் ஏறியபின் அலசும் தண்ணீரும் அதிகம்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் கலக்கக் கூடாது என்று கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. வேலை போனவர்கள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். துணி சாயத்துக்காக வெளியூர்களுக்கு லாரி ஏறியது. அந்த மாதங்களின் வலியை இந்த அரங்கில் பலர் நேரில் பட்டிருப்பீர்கள்.

அந்த வலியிலிருந்து பிறந்ததுதான் இன்றைய திருப்பூர் முறை. பட்டறைக் கழிவு குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. முதலில் உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு எதிர்ச்சவ்வூடு பரவல் என்கிற ஆர்.ஓ. அதில் மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிகலன் நீராவியால் ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். தண்ணீரின் பெரும்பகுதி மறுபடி பட்டறைக்கே திரும்புகிறது. உப்பும் அடுத்த சாயத்தொட்டிக்குப் போகிறது. இந்த அளவில் ஒரு சாயத் தொழில் நகரமே தன் கழிவுநீரை மீட்டுப் பயன்படுத்துவது உலகில் அரிது. திருப்பூர் இதற்காகத் தலைநிமிர்ந்து பேசலாம்.

ஆனால் கணக்கு முடியவில்லை. ஆவியாக்க விறகும் மின்சாரமும் எரிகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. இந்தச் செலவைத் திருப்பூர்ப் பட்டறைக்காரர் ஏற்கிறார். இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஊர்கள் குறைந்த விலைக்குச் சாயமிட்டுத் தருகின்றன. வெளிநாட்டு பையரோ ஆண்டறிக்கையில் பசுமை என்று அச்சடித்துவிட்டு, விலை பேசும்போது ஒரு டி-ஷர்ட்டுக்குச் சில காசைக் குறைக்கச் சொல்லி நிற்கிறார். இது நியாயமில்லை. ஆற்றைக் காப்பாற்றும் செலவு துணியின் விலைக்குள் இருக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டு உருவாகும் துணி எத்தனை நாள் வாழ்கிறது? 2000ஆம் ஆண்டில் உலகம் உற்பத்தி செய்த இழை சுமார் 5.8 கோடி டன். 2023இல் அது 12.4 கோடி டன்னாகிவிட்டது. மனிதர்கள் இரண்டு மடங்காகவில்லை. துணி இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது. வாங்குவது பெருகி, உடுத்துவது குறைந்துவிட்டது. சாயம், உப்பு, தண்ணீர், விறகு எல்லாம் துணி பிறக்கும்போதே செலவாகிவிடுகிறவை. பத்து முறை உடுத்திக் கழித்தாலும் அதே செலவு, இருநூறு முறை உடுத்தினாலும் அதே செலவு. ஆகவே ஒரு சட்டையின் ஆயுளைக் கூட்டுவதுதான் ஆற்றுக்கு ஒரு வீடு செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி.

ஆயுள் கடையிலேயே தொடங்குகிறது. பனியன் துணியைக் கையில் எடுத்ததும் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் பக்கத் தையலைப் பாருங்கள். அக்குளிலிருந்து கீழ்மடிப்பு வரை நேராக இறங்குகிறதா? நூலின் முறுக்கு சரியாக அடங்காத துணியில், இரண்டு சலவைக்குப் பின் அந்தத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும். உள்ளே புரட்டுங்கள். ஓவர்லாக் நெருக்கமாக இருக்கிறதா, தோள்பட்டையில் நாடா வைத்துத் தைத்திருக்கிறார்களா, சட்டையானால் பிரித்து விடுவதற்கு உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். திருப்பூரில் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களுக்கு இது கண் மூடினாலும் தெரியும். அவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சலவை. வியர்வை படாத சேலையை ஒரு முறை கட்டியதற்காகத் துவைக்க வேண்டியதில்லை. நிழலில் காற்றாட விட்டால் போதும். சாயத்துணியை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி நிழலில் உலர்த்துங்கள். வெயிலும் பிளீச்சிங் பவுடரும் நிறத்துக்கு எதிரி. ஈரமான பனியனைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் இழுத்துக்கொண்டு நீளும். கொடியின் மேல் இரண்டாக மடித்துப் போடுங்கள். நம் பகுதி போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. நுரை வரவில்லையே என்று பவுடரை அள்ளிப் போட்டால் அது துணியிலேயே தங்கி, வெள்ளையைச் சாம்பலாக்கும். கரூர்த் துண்டுக்குத் துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் போடவே கூடாது. அது இழையின் மேல் மெழுகுபோல் படிந்து, துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் செய்துவிடும். கஞ்சி போட்ட காட்டன் சேலையை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கப் போகிறீர்கள் என்றால், கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள்; பூச்சி தேடி வருவது மாவைத்தான்.

பாலியெஸ்டரின் கதை வேறு. உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் இன்று அதுதான். 2016இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு கிலோ துணியைத் துவைத்தால் எத்தனை இழைத்துணுக்கு உதிரும் என்று கணக்கிட்டார்கள். பாலியெஸ்டரில் ஏறத்தாழ 4,96,000. அக்ரிலிக்கில் 7,28,000க்கு மேல். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிளாஸ்டிக், சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. மெஷினில் துணி குறைந்து தண்ணீர் கூடினால் உதிர்வதும் கூடும். நிறைய துணி சேர்த்து, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் ஓட்டுவது நல்லது. இருக்கும் பாலியெஸ்டர் சேலையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதைக் கிழியும்வரை கட்டுங்கள். அடுத்ததை வாங்கும்போது யோசியுங்கள்.

பழைய பருத்தித் துணியின் மதிப்பை நம் வீடுகள் அறிந்திருந்தன. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்ற மாட்டார்கள். பல நூறு முறை துவைத்து மெத்தென்று ஆகிப்போன பாட்டியின் சேலைதான் அதற்கு. அதே சேலை பிறகு தூளியாகும், அப்புறம் அடுப்படியில் கரித்துணியாகும். பவானி ஜமக்காளம் ஒன்றை வாங்கினால் இரண்டு தலைமுறைக் கல்யாணப் பந்தியைப் பார்த்துவிடும். குழித்தறியில் கையால் நெய்த அந்த ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கிய மத்தியச் சட்டம் 1985இலிருந்து இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய போலிகள் பவானிப் பெயரிலேயே விற்கின்றன. முத்திரை பார்த்து வாங்காத நம்மால்தான் அந்த நெசவாளி தறியை விட்டு இறங்குகிறார்.

கிழிந்ததைத் தைப்பதற்குத் தள்ளுபடி கொடுக்கும் திட்டம் ஒன்றைப் பிரான்ஸ் கொண்டுவந்தது. 2023 இறுதியில் அது தொடங்கியபோது, துணியும் காலணியும் பழுது பார்க்கக் கொடுப்பவருக்கு, வேலையைப் பொறுத்து 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி கிடைத்தது. நம் ஊரில் ஒரு மரத்தடியில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆல்டரேஷன் டெய்லர் சின்னக் கூலிக்கு ஜிப் மாற்றுகிறார், காலரைப் பிரித்துத் திருப்பிவைத்துத் தைக்கிறார். அவரை நடைபாதையிலிருந்து துரத்தாமல் இருந்தாலே போதும் என்ற நிலையில் வைத்திருக்கிறோம்.

எனவே இந்த மேடையிலிருந்து மாநகராட்சிக்கு இரண்டு கோரிக்கைகள். ஒவ்வொரு வார்டுச் சந்தையிலும் ஆல்டரேஷன் டெய்லருக்கு நிழலும் மின்சாரமும் உள்ள ஓர் இடம் ஒதுக்குங்கள். குப்பை வண்டியில் துணிக்கென்று தனிப்பை வையுங்கள். கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓப்பன்-எண்ட் மில்கள் பனியன் வேஸ்ட்டைப் பிரித்து மறுபடி நூலாக நூற்கின்றன. ஈரக்குப்பையோடு கலந்த துணி அவர்களுக்கு உதவாது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்ததைப் பிரிப்பதும் எளிதல்ல.

வீட்டாருக்கு ஒரு கோரிக்கை. தீபாவளித் துணி எடுக்கக் கடைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறங்கள். பட்டன் போனதையும் தையல் விட்டதையும் டெய்லரிடம் கொடுங்கள். அளவு போதாததைப் போடக்கூடியவருக்குத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுங்கள். மிஞ்சிய கிழிசலில் பருத்தியை ஒரு மூட்டையாகவும் பாலியெஸ்டரை ஒரு மூட்டையாகவும் கட்டி வையுங்கள். அதன் பிறகு கடைக்குப் போய், உண்மையில் எத்தனை வேண்டுமோ அத்தனை மட்டும் எடுங்கள்.