பனிக்கடற் பறவையும் கொச்சிக் கடலும்



கோட்டைக் கொச்சியின் கடல்வாயில் வரிசையாக நிற்கும் சீனவலைகளை உங்களிற் பலர் நேரிலோ படத்திலோ கண்டிருப்பீர்கள். வலை நீரினின்று மேலெழும்போதே கொக்குகள் கரைக் கற்களின்மீதும், செம்பருந்துகள் வானிலும் தத்தம் இடத்தில் ஆயத்தமாகிவிடுகின்றன. கண்ணாற் கண்டு கவர்வது அவற்றின் தொழில்; அதில் மறைபொருள் ஒன்றுமில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழை மாதங்களில், இதே கொச்சிக்கு மேற்கே, கரை கண்ணுக்கு மறையும் தொலைவில், வேறொரு பறவை இரைதேடித் திரிகின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். எடை 40 கிராம் அளவே. உடல் புகைக் கருமை. வால் தொடங்குமிடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. இத்துணைச் சிறிய உயிர், பனி சூழ்ந்த அண்டார்க்டிகாக் கரையில் குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு, பூமத்திய ரேகையையும் கடந்து நம் கடலுக்கு வந்திருக்கின்றது என்றால் நம்புதற்கு அரிதாகத் தோன்றும். எனினும் உண்மை அதுவே.

வில்சன் என்னும் பறவையியல் அறிஞரின் பெயரால் ஆங்கிலத்தில் இதனை வில்சன் புயற்பெட்ரல் என்கின்றனர். பெட்ரல் என்ற சொல், பேதுரு கடல்மீது நடந்த விவிலியக் கதையிலிருந்து பிறந்தது என்று சொல்வோருண்டு. நாம் ஆலுவாவில் குடியேறி மலையாளம் பழகிய பின்னர் அறிந்த பெயர் காற்றிளக்கி என்பது. இளக்குதல் என்றால் தமிழில் நெகிழச் செய்தல். மலையாளத்திலோ அசைத்தல், கிளறுதல். ஆகவே காற்றைக் கிளறிவிடும் பறவை என்று பொருள்கொள்ள வேண்டும். சொற்களைப் பெயர்த்து ஊதியம் பெறுகின்ற நமக்கே இப்பெயரைப் பெயர்க்க மனம் வரவில்லை. அண்டை வீட்டுச் சொல், தமிழ்ச் செவிக்கு அப்படியே இனிக்கின்றதே! இவ்வுரையிலும் அதனையே வழங்குவோம்.

அண்டார்க்டிகாவில் இனம் பெருக்கும் வெப்பக்குருதி உயிர்களுள் காற்றிளக்கியே மிகச் சிறியது. 2012 முதல் நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் இயங்கிவரும் லார்ஸ்மன் குன்றுகளிலும் இது பாறையிடுக்குகளில் கூடமைத்து வாழ்கின்றது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்க, ஏறக்குறைய நாற்பது நாட்களில் குஞ்சு வெளிவரும். அது பறக்கத் தொடங்கும் வரை, மேலும் இரண்டு திங்கள், பெற்றோர் இருவரும் கடலுக்குச் சென்று இரை கொணர்தல் வேண்டும்.

அக்கடல் எத்தகையது? காதவழி பனிக்கட்டி, இடையிடையே காற்று பிளந்துவிட்ட நீர்க்கால்கள். பார்வைக்குப் பாலைவனம் போன்றது. ஆயினும் அப்பனிக்கட்டியின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்க இயலுமாயின், அது பாசியேறிப் பழுப்பு நிறமாயிருக்கக் காண்போம். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பனியின் அடியிலும் உள்ளும் வளர்கின்றன. அவற்றை மேய்வது கிரில் என்னும் உயிர். நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் சென்னாக்கூனியை நினைத்துக்கொள்ளுங்கள். அதனினும் பெரிது, முழு வளர்ச்சியில் 6 சென்டிமீட்டர் வரை இருக்கும். இளவேனிலில் பனி உருகுங்கால் பாசி நீரில் கலந்து பெருகுகின்றது. கிரில் கூட்டங்கூட்டமாய்த் திரள்கின்றது. திமிங்கிலம், கடல்நாய், பென்குயின், பறவை யாவும் அத்திரளை நம்பியே பிழைக்கின்றன.

ஆனால் அத்திரள் இன்று இங்கே, நாளை எங்கோ. பகலில் ஆழத்தில் பதுங்கி இரவில் மேலெழும் வழக்கமும் அதற்குண்டு. பேரரசப் பென்குயினுக்குக் கவலையில்லை. 500 மீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு மூழ்கித் தேடும் வல்லமை பெற்றது. காற்றிளக்கியோ மூழ்கும் பறவையன்று. நீர்ப்பரப்பின் மேல்விளிம்பில் கிடைப்பதே அதன் உணவு. எங்கே கிடைக்கும் என்பதை அது எவ்வாறு அறிகின்றது?

மூக்கினால் என்பதே விடை. மட்டாஞ்சேரியின் பழைய மண்டித் தெருவில் நடந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும், இது சுக்குக் கிடங்கு, இது மிளகு, இது ஏலம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். கடலிலும் அத்தகைய மண்டி ஒன்றுண்டு. நுண்பாசியை உயிர்கள் மேயும்போது, சிதைந்த பாசியினின்று டைமெத்தில் சல்ஃபைடு என்னும் ஆவி எழுகின்றது. கடற்கரையில் நாம் ‘கடல்வாசனை’ என்று நுகர்வதில் ஒரு பங்கு இதுவே. வாசனை எழுகின்றதெனில் அங்கே மேய்ச்சல் நடக்கின்றது; மேய்ச்சல் நடக்கின்றதெனில் மேய்கின்ற இரையும் அங்கேயே இருக்கும். தென்துருவக் கடலில் அமெரிக்க ஆய்வாளர் கேப்ரியேல் நெவிட்டும் தோழர்களும் இந்த ஆவியைக் கடற்பரப்பில் பரப்பிப் பார்த்தபோது, புயற்பெட்ரல்களும் அவற்றின் உறவுப் பறவைகள் சிலவும் அதனை நாடி வந்தன. 1995-ல் அம்முடிவு வெளியாயிற்று. இக்குடும்பத்துப் பறவைகளுக்கு அலகின்மேல் குழாய் வடிவில் மூக்குத்துளை அமைந்திருப்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இடம் அறிந்தபின் இரை கொள்ளும் முறையும் தனியழகு. காற்றை எதிர்த்துச் சிறகை விரித்து, நீண்ட கால்களால் நீர்ப்பரப்பைத் தொட்டுத் தொட்டு நடப்பது போலத் தோன்றும். விரலிடைச் சவ்வு மஞ்சள் நிறம். தலையைத் தாழ்த்தி, சிறு கிரில், மீன்குஞ்சு, மிதக்கும் கொழுப்புத் துளி ஆகியவற்றைப் பொறுக்கும். பிடித்த இரையை வயிற்றில் எண்ணெயாகக் காய்ச்சி வைத்துக்கொள்வதும் உண்டு. சுமை குறையும், சத்துக் குறையாது. கூடு திரும்பிக் குஞ்சின் வாயில் ஊட்டலாம். இத்தனை பாடும் ஒரு பனிப்பொழிவில் வீணாவதுண்டு. பனி விழுந்து கூட்டின் வாயை அடைத்துவிட்டால் பெற்றோர் வெளியே, குஞ்சு உள்ளே. தன் உடற்கொழுப்பு தாங்கும் மட்டும் குஞ்சு உயிர்தரிக்கும். பனி விலகாவிடில் மடியும்.

தென்துருவத்துக் குளிர்காலம் தொடங்கியதும் காற்றிளக்கி வடக்கே புறப்படுகின்றது. அரபிக்கடலுக்கு ஏன் வரவேண்டும்? இங்கும் உணவு பெருகும் பருவம் அதுவே. பருவக்காற்றின் போக்கினால் கேரளக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகின்றது. அது கொணரும் உரச்சத்தினால் பாசி பெருகி, அதனைப் பற்றி மத்தி முதலிய மீன்கள் பெருகுகின்றன. ஆலுவாவில் பெரியாறு கரைபுரண்டு, நாமெல்லாம் குடைக்குள் ஒடுங்கி மழையை நொந்துகொள்ளும் நாட்கள் காற்றிளக்கிக்கு விருந்து நாட்கள். கொச்சியைத் தளமாகக் கொண்ட சாகர் சம்பதா என்னும் ஆய்வுக்கப்பல் 1995-96-ல் தென்துருவக் கடலுக்கே சென்று கிரிலை ஆராய்ந்து வந்தது. கொச்சியினின்று ஒரு கப்பல் அங்கு சென்றதை நாம் அருஞ்செயலாகப் பதிவு செய்கின்றோம். இப்பறவை அவ்வழியை ஆண்டுதோறும் கடக்கின்றது.

இனிச் சொல்வது மகிழ்ச்சியான செய்தியன்று. 2025 மே 25 அன்று, அதாவது இப்பறவைகள் வரும் பருவத்திலேயே, எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதில் 640 சரக்குப் பெட்டகங்கள் இருந்தன. அவற்றினின்று சிதறிய பிளாஸ்டிக் மணிகள், அரிசி நொய் போன்ற வெண்குருணைகள், திருவனந்தபுரக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. கரைக்கு வந்ததைத் தொண்டர்கள் அள்ளினார்கள். கடலில் நின்றதை யார் அள்ளுவது?

கேடு அந்த மணியின் உருவத்தோடு முடியவில்லை. கடலில் சில வாரங்கள் மிதந்த பிளாஸ்டிக்கின்மீது பாசி படர்கின்றது; பாசி படர்ந்ததும் அதே டைமெத்தில் சல்ஃபைடு வாசனை அதனின்றும் எழுகின்றது. 2016-ல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு இதனை நிறுவியது. வாசனையை நம்பி வாழும் பறவையினங்களே மற்றவற்றைவிட மிகுதியாகப் பிளாஸ்டிக்கை விழுங்குகின்றன என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. பனிக்கடலில் வழிகாட்டிய மூக்கே இங்கே அதனை ஏய்க்கின்றது. விழுங்கியது எளிதில் செரிப்பதுமில்லை, வெளிவருவதுமில்லை. அண்டார்க்டிகாவில் இறந்து கிடந்த காற்றிளக்கிக் குஞ்சுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தமை 1988-லேயே அறிவிக்கப்பட்டது. கூட்டை விட்டு ஒருநாளும் வெளியேறாத குஞ்சுக்கு அது பெற்றோர் ஊட்டிய உணவோடு வந்ததேயன்றி வேறு வழியில்லை.

கேரளத்திலும் மேற்குக் கரையின் பிற நகரங்களிலும் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலப் புயலில் களைத்து, இத்தகைய கருஞ்சிறு பறவை கரையில் ஒதுங்குவதுண்டு. கண்டால் இரக்கத்தால் உடனே கடலில் எறிந்துவிடாதீர்கள். நீரும் ஊற்ற வேண்டாம். காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் உலர்ந்த துணியின்மேல் வைத்து, இருளாக மூடி, வனத்துறையினரிடம் சேர்ப்பியுங்கள். இறந்து கிடப்பினும் அவர்களுக்கு அறிவியுங்கள். இக்கடலில் அது எதை உண்டது என்பதை அதன் வயிற்றைத் திறந்து பார்த்தே அறிய முடியும்.